பிணை நாற்காலி

பந்து பாப்பியளா சார் நீங்க? இல்லியா? டீவிலகூடவா? செரி, போட்டு. பந்து பாக்காதவனும் மனுசந்தான், நா ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் சன்னல் பக்கமா நகந்து இருங்க. எனக்கு இந்த ஓரம் போதும். மேட்டுத்துறை தாண்டி நாலாவது ஸ்டாப்பு சிலுவைத்துறை, அங்கதான் நா எறங்கணும். முக்கா மணிக்கூறு ஆவும். நீங்க அதுக்கும் அங்கிட்டா? நல்லதாப் போச்சி, பேசிட்டே போலாம். பேசாம இருந்தா இன்னைக்கு எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். ஆஸ்பத்திரில இருந்து வாறேன், அதப் பெறவு சொல்லுகேன். மொதல்ல பந்து.

நாளைக்கு நாலு மணிக்கு சீசன் தொடங்குது, மொத மேச்சே எங்களுக்கும் மேட்டுத்துறைக்கும், அவனுவ கிரவுண்டுல. இப்ப மீன்பிடி தடைக்காலம்லா, விசைப்படகு எல்லாம் கரையில கெடக்கு, ஆம்பளப் பயலுவளுக்கு ஜோலி இல்ல. அதனால இந்த ரெண்டு மாசமும் எங்க கடக்கரைல பந்துதான். சூசையப்பர் கோப்பை. பன்னெண்டு ஊரு, ஊருக்கு ஒரு டீமு, ஏழு பேரு ஆட்டம். எங்க டீமுக்குப் பேரு விடிவெள்ளி. நா ஆடுகவன் இல்ல, பாத்துக்கிடுங்க. எனக்க கால்ல பந்து பட்டா அது கடலுக்குப் போவும். ஆனா முப்பத்திரெண்டு வருசமா ஒரு மேச்சு விட்டதில்ல. எனக்க கலியாணத்தன்னைக்குக்கூட தாலி கெட்டி முடிஞ்ச கையோட அரையிறுதிக்குப் போனவன் நான். ததேயுன்னு சொன்னா பன்னெண்டு ஊருலயும் தெரியும். கொஞ்சம் பேரு எந்திச்சி நிப்பான், கொஞ்சம் பேரு எந்திச்சி ஓடுவான்.

பதினோரு வருசமாச்சி சார் கோப்பை எங்க ஊருக்கு வந்து. இந்த வருசம் வரும்னு ஒரு நெனப்பு இருந்துச்சி. கோலி அருள்ராஜு ஒருத்தந்தான் கவலை. கலியாணத்துக்குப் பெறவு அவன் ஒசரப் பந்துக்குச் சாடமாட்டேங்கான், இடுப்பப் பிடிச்சிட்டு நிக்கான். முன்னால ரொசாரியோ இருக்கான். ஓட்டம் உண்டு, புத்தி கெடையாது. ஓடி ஓடி கோல்போஸ்டத் தாண்டிப் போய்ட்டு பந்த எங்கன்னு தேடுவான். ஆனா பின்னால நம்ம மதிலு நல்ல மதிலு. எனக்க மவன் பெலிக்ஸ். இருவது வயசு. அவன் நிக்க எடத்தத் தாண்டி ஒருத்தன் பந்து கொண்டு போணும்னா அவனுக்க வீட்டுல சொல்லிட்டு வரணும்.

அவன் இருக்கான்னுதான் இந்த வருசம் கோப்பை நமக்குன்னு நெனச்சேன்.

என்ன சார் எனக்க சட்டையவே பாக்கிய? சிவப்பு சாயம் இல்ல, ரத்தந்தான். எனக்க ரத்தம் இல்ல. சொல்லுகேன், அவசரப்படாதிய.

நா சண்டக்காரன் இல்ல சார். மொதல்ல அதத் தெளிவாச் சொல்லிருகேன். ஊருல கேட்டா வேற மாதிரி சொல்லுவாவ. ஒருக்கா ஒரு ரெபரிக்கு செவிட்டுல ஒண்ணு குடுத்தேன், அதுவும் அவன் ஆப்சைடு குடுத்ததுனால. ஒருக்கா மேட்டுத்துறைக்காரன் ஒருத்தனக் கடல்ல முக்கினேன். அவன் செத்தா போய்ட்டான்? வெளிய எடுத்து நாந்தான் வயித்த அமுக்கி வெள்ளத்த எடுத்துவிட்டேன். இதெல்லாம் சண்டையா? பந்துன்னா நாலு அடி இருக்கத்தான் செய்யும்.

மேட்டுத்துறைக்கும் எங்களுக்கும் எப்பவுமே ஆவாது. நாலு வருசத்துக்கு முன்ன நடந்த அடில எங்காளு ஒருத்தனுக்க காது போச்சி. அவனுவள்ள ரெண்டு பேருக்கு மண்ட ஒடஞ்சிட்டு. அதுக்குப் பெறவு ரெண்டு ஊரு பங்குச் சாமியாரும் இன்ஸ்பெக்டரும் சேந்து உக்காந்து ஒரு ஏற்பாடு பண்ணுனாவ. பிணை உக்காருகது. இது வேற எங்கயும் உண்டான்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஊரும் ஒரு ஆளக் குடுக்கணும். அந்த ஆளு எதிர் ஊருக்காரனுவளுக்கு நட்ட நடுவுல போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலில உக்காரணும். ரெண்டு கையும் மடில இருக்கணும். தட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது, கோல் விழுந்தா எந்திக்கக்கூடாது. அவனுக்க ஊரு ஒழுங்கா இருந்தா அவனுக்கு ஒரு கலரு சோடா வாங்கிக் குடுத்து அனுப்பிருவாவ. அவனுக்க ஊரு கல்லெறிஞ்சா, இல்ல எதிர் டீமு ஆளக் காயப்படுத்துனா, பெறவு அந்த நாற்காலிக்காரன் பாடு. சாமியாரும் கேக்கமாட்டாரு, போலீசும் கேக்காது.

நல்ல ஏற்பாடுதான். ரெண்டு வருசம் ஒரு அடி கெடையாது. மேச்சு பாக்க ஒரு மாதிரி உப்பில்லாத மாதிரி இருந்துச்சி, அது வேற.

போன வருசம் எங்க பிணையா உக்காந்தது சிலுவைதாசன்னு ஒரு வயசாளி. அவருக்கு மூணு பல்லு போச்சி. ஏற்கனவே ஆடிட்டிருந்த பல்லுதான், ஆனா ஊருல எல்லாரும் எனக்க தலைல போட்டாவ. ததேயுனாலதான் போச்சின்னு. நா என்ன செஞ்சேன்? சொல்லுகேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

ஏய், ஏ தம்பி! பையத் தூக்கிப் பிடிலே, எனக்க தலைல இடிக்குது. தூக்குன்னா தூக்கு. என்னலே முறைக்கே? எறங்குலே கீழ, எறங்கி முறை. ஆ... அப்பிடி வா வழிக்கு. பாத்தியளா சார், நா ஒண்ணும் செய்யல, சட்டையத்தான் பிடிச்சேன். விட்டுட்டேன்லா.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், போன வருசம். அரையிறுதி. ஒண்ணுக்கு ஒண்ணு சமமா நிக்கிது. இன்னும் அஞ்சு நிமிசந்தான். நா கோட்டுக்கு வெளிய மூலைல நிக்கேன், கொடிக்கம்புக்குப் பக்கத்துல. அப்ப மேட்டுத்துறை டீமுல ஜெனிஸ்டன்னு ஒரு பய, இடது காலுக்காரன், நடுவுல இருந்து பந்த எடுத்தான். ஒருத்தன வெட்டுனான். ரெண்டாமத்தவன வெட்டுனான். எனக்க மவன் பெலிக்ஸ் குறுக்க வந்தான், அவனுக்குக் கால் வழுக்கிட்டு. இனி கோலியும் ஜெனிஸ்டனும் மட்டுந்தான். கோலி இடுப்பப் பிடிச்சிட்டு நிக்கான். எனக்குக் கண்ணு இருட்டிட்டு சார். பத்து வருசம். பத்து வருசமாக் காத்துக் கெடக்கேன். கொடிக்கம்பப் பிடுங்குனேன். இரும்புப் பைப்பு, தலைல ஒரு சிவப்புத் துணி. உள்ள ஓடுனேன். பந்தத்தான் தட்டிவிடணும்னு வீசுனேன். கர்த்தர் சத்தியமாப் பந்தத்தான்.

காலுல பட்டுட்டு.

அந்தச் சத்தம் இருக்கே சார். பச்ச மரம் ஒடியாது, காஞ்ச மரந்தான் சத்தம் போட்டு ஒடியும். அது காஞ்ச மரம் ஒடிஞ்ச சத்தம். பெறவு என்ன, கல்லு, துடுப்பு, பெஞ்சுக் காலு, கைல கெடச்சத எல்லாம் எடுத்தானுவ. நா ஒரு ஆறேழு பேருக்குக் குடுத்தேன், எனக்கும் கெடச்சிது. இந்தப் புருவம் பாருங்க, ஏழு தையல். அந்தக் கூட்டத்துக்குள்ள ஒருத்தி மட்டும் அடிக்கும் பயப்படாம, குனியாம, நேரா ஓடி வந்தா. வந்து அந்தப் பயலுக்க தலையத் தூக்கி மடில வச்சா. கம்பு எனக்க கைல இருக்கு. நிமிந்து பாத்தா. "நீயா அண்ணா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். ஒரு வருசமாச்சி, அதுக்குப் பெறவு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.

ஆமா சார். எனக்கு உடம்பொறந்தவ. பிலோமி. மேட்டுத்துறையிலதான் கெட்டிக்குடுத்திருக்கு. ஜெனிஸ்டன் அவளுக்க மவன். எனக்க மருமோன்.

மொதல்லயே சொல்லியிருக்கலாம்னு பாக்கிய. சொன்னா நீங்க வேற கண்ணால பாப்பிய, அதான்.

அந்தப் பயலுக்கு மொத பூட்சு வாங்கிக் குடுத்தது ஆரு? நாந்தான். மூணு வயசுல திருவிழாவுக்கு எங்க வீட்டுக்கு வருவான். மணல்ல பந்த உருட்டி விட்டேன். இடது காலால ஒண்ணு விட்டான் பாருங்க, எங்க வீட்டுக் கோழி செத்துப்போச்சி. அன்னைக்கே சொன்னேன், பிலோமி, இவன் பொறந்த ஊரு மாறிப் பொறந்துட்டான்னு. முப்பத்திரெண்டு வருசத்துல எம்புட்டோ ஆட்டக்காரனப் பாத்தாச்சி. அவனுக்க காலு மாதிரி ஒரு காலு நா பாக்கல. வெளிய சொல்லமுடியுமா இத? எங்க ஊருல சொன்னா தோலை உரிச்சிருவானுவ.

அவனுக்கு ரெண்டு எலும்பு ஒடிஞ்சி கம்பி வச்சாவ. கேசு வேண்டாம்னு பிலோமியே சொல்லிட்டா. நா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூணு தடவ போனேன். உள்ள போகல. அவங்க ஊருக்காரனுவ நின்னானுவ, நா போனா அடி நடக்கும், ஆஸ்பத்திரில என்னத்துக்குன்னு திரும்பி வந்துட்டேன். நா சண்டக்காரன் இல்லன்னு அதுக்குத்தான் சொல்லுகது.

இந்த ஏப்ரல் மாசம், ஈஸ்டர் கழிஞ்ச உடனே, மேட்டுத்துறைக்கு வேவு பாக்கப் போறேன்னு ஊருல சொல்லிட்டுப் போனேன். அவனுவ பிராக்டீஸ் பண்ணுக எடத்துக்குப் பக்கத்துல வள்ளம் கவுத்திப் போட்டிருந்தாவ. அதுக்குப் பொறத்த குத்த வச்சி உக்காந்தேன். வேவாவது மண்ணாவது. அவன் வந்திருக்கானான்னு பாக்கத்தான் போனேன். வந்திருந்தான். மொதல்ல நொண்டி நொண்டித்தான் ஓடுனான். பெறவு ஒருத்தன் பந்தத் தள்ளி விட்டான், இவன் அந்த ஒடிஞ்ச காலாலயே ஒண்ணு விட்டான். பந்து போய் மேல்கம்பியில இடிச்சி கம்பி நின்னு ஆடுது. எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு சார். இவன் ஆடணும், மூதி, இவன் இந்த சீசன் ஆடணும்னு வள்ளத்துல தலைய முட்டிட்டு அழுதேன். எங்க ஊரு கோப்பை வாங்கணும், அதுல மாத்தம் இல்ல. ஆனா இவனும் ஆடணும். ரெண்டும் வேணும் எனக்கு.

ஊருக்கு வந்தா கிளப்புல என்ன பேசுகானுவ தெரியுமா? கிளாட்வின்னு ஒருத்தன், கிளப்புக்கு செக்ரட்டரி. அவன் சொல்லுகான், "ததேயு அண்ணன் போன வருசம் ஒரு காலத்தான் எடுத்தாரு. மிச்சம் ஒண்ணு இருக்கு. மொத பத்து நிமிசத்துல அத எடுத்துட்டா மேட்டுத்துறை காலி." எல்லாரும் சிரிச்சானுவ. நா எந்திச்சி, "அவன ஒருத்தரும் தொடாண்டாம். பந்த மட்டும் ஆடுங்க"ன்னேன். அதுக்கு அதவிடச் சிரிப்பு. கிளாட்வின் எனக்க தோளுல தட்டி, "போன வருசமும் சாமியாருக்க முன்ன பைபிள்ல கை வச்சி இதத்தான அண்ணே சொன்னிய? பெறவுதான கம்பப் பிடுங்குனிய? எங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேக்கான். போன வருசம் சொன்னேந்தான். நாலு வருசத்துக்கு முன்ன அந்த அடி நடந்தப்பவும் இதத்தான் சொன்னேன். அதுக்கு இப்ப என்ன செய்யணும்ங்கிய? நா பொய் சொன்ன ஒவ்வொரு தடவையும் நம்புனானுவ. ஒரே ஒருக்கா உண்மையச் சொன்னேன், கையக் கொட்டிச் சிரிக்கானுவ.

அப்பதான் எனக்கு ஒரு புத்தி தோணிச்சி. இந்த வருசம் பிணையா நா போறேன்னு சொன்னேன். நா அந்த நாற்காலில இருந்தா, ஜெனிஸ்டனத் தொட்டா அடி எனக்குல்லா? ததேயு அண்ணன் செத்துருவாருன்னு பயந்துட்டு பயலுவ ஒழுங்கா ஆடுவானுவன்னு கணக்குப் போட்டேன். சாமியாருக்கு நம்பிக்க வரல, மூணு தடவ கேட்டாரு. மூணு தடவையும் ஆமாம்னேன். நம்ம கணக்கு செரியா வந்துட்டுன்னு நெனச்சிட்டு அன்னைக்கு சாயங்காலம் கிளப்புக்குப் போனா, எல்லாரும் எந்திச்சி நின்னு கை தட்டுகானுவ சார். கிளாட்வின் எனக்கு மாலை போடுகான். "அண்ணன் நமக்காவ உயிரக் குடுக்கத் துணிஞ்சிட்டாரு. அந்த அடி வீணாப் போகக்கூடாது மக்கா"ன்னு பிரசங்கம் பண்ணுகான். முன்ன பாதி மனசா இருந்தவனும் இப்ப முழு மனசாயிட்டான்.

அதுக்குமேல எனக்க மவன் எந்திச்சான். பெலிக்ஸு. வீட்டுலயே நாலு வார்த்த பேசாதவன். அவன் எந்திச்சி, "எங்கப்பா தொடங்குனத நா முடிக்கேன். ஜெனிஸ்டன் எனக்க ஆளு. வலது காலால ஒரே இறுக்கு, போதும். வேற ஒருத்தனும் அவனுக்குக் கிட்ட வராண்டாம். கெடுத்துருவிய"ன்னான். கிளப்பே குலுங்கிட்டு. எனக்குப் பெருமையா இருந்துச்சி சார், பொய் சொல்லல. நம்ம ரத்தம்லா. அதே நேரத்துல பயமாவும் இருந்துச்சி. ஏன்னா மத்தவனுவ சொல்லுவானுவ, செய்யமாட்டானுவ. பெலிக்ஸ் சொன்னா செய்வான். நா வளத்த பிள்ள.

வீட்டுல வச்சி சொல்லிப் பாத்தேன். "லே மக்கா, அவன் ஒனக்கு மச்சான்லா, விட்ருலே"ன்னேன். "நீங்க சும்மா இருங்கப்பா, எனக்குத் தெரியும்"ன்னு சொல்லிட்டு பூட்சத் தொடச்சிட்டே இருந்தான். ரெண்டு நாளு கழிச்சி மறுபடியும் கேட்டேன். அதே பேச்சு. "எனக்குத் தெரியும்." நேத்து சாயங்காலம் கெஞ்சுனேன் சார். ததேயு ஒருத்தங்கிட்ட கெஞ்சி ஊருல ஆரும் பாத்ததில்ல. அவன் எனக்க மூஞ்சியப் பாக்காம எந்திச்சிப் போய்ட்டான்.

சாமியார்ட்ட சொல்லியிருக்கலாமேன்னு கேக்கிய. ஊரக் காட்டிக் குடுக்கச் சொல்லுகியளா? நல்லாருக்கே. அப்பிடிப்பட்ட குடும்பத்துல நா பொறக்கல. எனக்க வீட்டு விசயத்த எனக்க வீட்டுக்குள்ள நாந்தான் தீக்கணும்.

இன்னைக்குக் காலம்பற ஆறு மணிக்கு வீட்டுக்காரி பூசைக்குப் போய்ட்டா. பெலிக்ஸு பாயில குப்புறக் கெடந்து உறங்குகான். போர்வைக்கு வெளிய வலது காலு மட்டும் நீட்டிட்டு இருக்கு. நா அடுக்களைக்குப் போனேன். அம்மில இருந்து குழவிய எடுத்தேன். கொண்டு வந்து அவனுக்க கால்மாட்டுல நின்னேன். எம்புட்டு நேரம் நின்னேன்னு தெரியாது. பாதம் நல்ல பாதம் சார், எனக்க அப்பனுக்க பாதம் மாதிரியே. ஒரு கொசு வந்து பெருவெரலுல உக்காந்துச்சி. குனிஞ்சி ஊதி வெரட்டுனேன். பெறவு போட்டேன்.

ஒசரத் தூக்கிப் போடல. இடுப்பு ஒசரத்துல இருந்துதான்.

"அம்மா"ன்னான். அப்பான்னு கூப்பிடல. நாந்தான பக்கத்துல நிக்கேன், என்னக் கூப்பிட்டிருக்கலாம். செரி, வலில கெடக்கவன். தோளுல தூக்கிப் போட்டுட்டு ஓடுனேன். அந்த ரத்தந்தான் இது. ஆட்டோல எனக்க மடில காலு. துண்டச் சுத்திப் பிடிச்சிருக்கேன், துண்டுக்குள்ள எலும்பு உமி மாதிரி அசையிது. பாதி வழில கண்ணத் தொறந்து, "எதுக்குப்பா?"ன்னு கேட்டான். "ஜெனிஸ்டனுக்க காலுக்கு"ன்னேன். பெறவு கண்ண மூடிக்கிட்டான். ஒரு வார்த்த திட்டல. திட்டுனா எனக்கும் திருப்பித் திட்டலாம்.

ஆஸ்பத்திரில டாக்டரு கேட்டாரு, எப்பிடி ஒடிஞ்சிதுன்னு. நா வாயத் தொறக்கதுக்கு முன்ன அவனே சொல்லிட்டான், "குழவி தவறி விழுந்துட்டு டாக்டர்"ன்னு. படம் எடுத்தாவ. அஞ்சு எலும்பு. பிளேட்டு வைக்கணுமாம். நடப்பான், மெதுவா ஓடக்கூட செய்வான், பந்து ஆடமாட்டான்னு டாக்டரு எங்கிட்டத் தனியாச் சொன்னாரு. தண்டனைன்னா தண்டனைதான், ஏத்துக்கிடுகேன். அவனுக்கும் நல்லது, பாவம் செய்யாமத் தப்பிச்சான். பிலோமிக்க பிள்ளைக்கும் நல்லது. இப்பிடித்தான் சார் அங்க வராண்டால நின்னு மனசத் தேத்திட்டு இருந்தேன்.

அப்ப ஒரு பைக்கு வந்து நின்னுது. ஜெனிஸ்டன். விளையாடுக டவுசரோட அப்பிடியே வந்திருக்கான். என்னத் தாண்டி உள்ள ஓடுகான், ஒடிஞ்ச காலோட ஓடுகான். இவனுக்கு ஆரு சொன்னா? எனக்கு ஒண்ணும் மனசிலாவல. பொறத்தாலயே போய் வாசல்ல நின்னேன். உள்ள எனக்க மவன் அவனுக்க கையப் பிடிச்சிட்டு அழுகான். "மச்சான், மச்சான்"ன்னு ரெண்டு பயலுவளும் சின்னப் பிள்ளையள மாதிரி அழுகானுவ.

நா உள்ள போனேன். "என்னலே இது?"ன்னு கேட்டேன். பெலிக்ஸு கண்ணத் தொடச்சிட்டு, நிதானமாச் சொன்னான் சார். இந்த ஒரு வருசத்துல அவன் அம்புட்டு வார்த்த எங்கிட்டப் பேசுனதில்ல. கம்பி எடுத்த நாளுல இருந்து ஜெனிஸ்டனுக்கு நடை பழக்குனது இவந்தானாம். தெனமும் விடியக்காலம் கடக்கரை வழியா நடந்து போய், ரெண்டு ஊருக்கும் நடுவுல, அலைத் தடுப்புக் கல்லுக்கெட்டுக்கிட்ட. தோளுல கை போட்டு நடத்தி, பெறவு ஓட வச்சி, பெறவு பந்து தட்ட வச்சி. நா வள்ளத்துக்குப் பொறத்த உக்காந்து அழுதேனே, அந்த அடி எனக்க மவன் பழக்கிவிட்ட அடி.

"அப்ப கிளப்புல எந்திச்சி அப்பிடிச் சொன்ன?"ன்னேன்.

"நா ஏத்துக்கிட்டாத்தானப்பா வேற ஒருத்தனும் அவனுக்குக் கிட்ட வரமாட்டான். ஆட்டம் முழுக்க நா அவங்கூடவே நின்னிருப்பேன். ஒருத்தனத் தொட விட்டிருக்கமாட்டேன்."

"அத எங்கிட்டச் சொன்னா என்னலே?"

"உங்ககிட்டயா?"ன்னான். அம்புட்டுதான் கேட்டான். உங்ககிட்டயான்னு.

கட்டில் கம்பியப் பிடிச்சிட்டு நின்னேன். ஜெனிஸ்டன் எந்திச்சி எனக்கு முன்ன வந்தான். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். "மாமா, நாளைக்கு நா எறங்கல. பயந்து இல்ல. மச்சான் நிக்காத கிரவுண்டுல எனக்கு ஆட இஷ்டம் இல்ல. இந்த சீசன் வேண்டாம் எனக்கு"ன்னான். மரியாதயாத்தான் சொன்னான். மாமான்னுதான் கூப்பிட்டான்.

அடுத்த பஸ்ஸுல பிலோமி வந்தா, தூக்குல கஞ்சி எடுத்துட்டு. நேராப் போய் பெலிக்ஸுக்க பக்கத்துல உக்காந்து ஊட்டத் தொடங்கிட்டா. பாதிக் கஞ்சி போனபெறவு, என்னத் திரும்பிப் பாக்காமலே பேசுனா. ஒரு வருசத்துக்குப் பெறவு மொத பேச்சு. "அண்ணா, நாளைக்கு நீ அங்க வராத."

"பிணைக்குப் பேரு குடுத்தாச்சி பிலோமி. வராம இருக்க முடியாது. அடிச்சா அடிக்கட்டு"ன்னேன்.

"அடிக்கமாட்டாவ. காலைல பெலிக்ஸு ஜெனிஸ்டனுக்கு போன் பண்ணுனதுல இருந்து எங்க ஊரு முழுக்கத் தெரிஞ்சி போச்சி, சொந்தப் பிள்ள காலையே நீ ஒடச்சிட்டன்னு. எங்க ஊரு சாமியாரு எட்டு மணிப் பூசைலயே உனக்காவ வேண்டச் சொல்லிட்டாரு. பொம்பளைய எல்லாம் அழுதாவ. பாவம் மனுசன்னு சொல்லுகாவ அண்ணா. நீ வந்தா கைப்பிடிச்சி உக்கார வைப்பாவ."

கரண்டியத் தூக்குல போட்டுட்டு முந்தானையால அவனுக்க வாயத் தொடச்சா. எனக்க பக்கம் திரும்பவே இல்ல.

அந்தா பாருங்க சார், மேட்டுத்துறை வந்துட்டு. பள்ளிக்கூடத்துக்குப் பொறத்த தெரியுதுலா, அதான் கிரவுண்டு. கோடு போடுகானுவ. பந்தல்காரன் நாற்காலி எறக்குகான். நாளைக்கு எங்க ஊரு செயிச்சாலும் தோத்தாலும் எனக்கு இனி என்ன, பின்னால நிக்க ஆளு இல்ல, முன்னால பாக்க ஆளு இல்ல. ஆனா நா வருவேன். நாலு மணிக்கு முன்னயே வந்து அவனுவளுக்கு நட்ட நடுவுல, ரெண்டு கையையும் மடில வச்சிட்டு உக்காருவேன். முப்பத்திரெண்டு வருசத்துல நா வாங்காத அடி இல்ல சார், ஒரு அடிக்கும் பயந்ததில்ல. ஆராவது பக்கத்துல வந்து தோளுல கை வச்சி, "கலரு குடிக்கியளா அண்ணாச்சி?"ன்னு கேட்டுருவானுவளோன்னு நெனச்சாத்தான் எனக்குப் பயம்.